மூணு தடவை சூடு பண்ணுன சூப்பு

ஒரு ஊர்ல ஒரு சூப்புக் கடை இருந்துச்சாம். எந்த ஊருன்னு கேக்காத, நம்ம ஒரகடந்தான். கார் கம்பெனிங்க வரிசையா நிக்குதே அந்தப் பெரிய ரோடு, அதுல டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவுல, நாலே நாலு மேசை போட்ட குட்டிக் கடை. நம்மூரு சூப்பு இல்லடி, கொரியாக்காரங்க சூப்பு. அதுக்குள்ள கொழுக்கட்டை மிதக்கும். வெல்லம் போட்ட கொழுக்கட்டை இல்ல. கறியும் முட்டைக்கோசும் பூண்டும் பொடிப்பொடியா அரிஞ்சு உள்ள வச்சது. அவங்க பாஷையில அதுக்கு மாண்டுன்னு பேரு. காலை எடு, என் மேல போடாத. ம் சொல்லு.

"ம்."

அந்தக் கடையில ஒரு பூங்காவனம் இருந்தாளாம். 'எங்கம்மா பேரும் பூங்காவனந்தான அத்தை'ன்னு எழுந்து உக்காராத. ஊர்ல ஒரே ஒரு பூங்காவனந்தானா? படு.

அவளுக்கு அங்க பாத்திரம் கழுவுற வேலை. மூணு வருஷமா கிண்ணம் கிண்ணமா, கரண்டி கரண்டியா கழுவிக்கிட்டே இருந்தா. வீட்ல அவளுக்கு ஒரு நாத்தனா. வாய்னா வாய், வாலாஜாபாத் வரைக்கும் கேக்கும். அந்த நாத்தனா என்ன பண்ணுவா, 'எச்சித் தட்டு கழுவிட்டு வர்றவளுக்கு மிதப்பைப் பாரு'ன்னு பக்கத்து வீட்டுக்கும் கேக்குற மாதிரி சொல்லுவா. பூங்காவனம் எதிர்த்துப் பேச மாட்டா. ஆனா ராங்கி மட்டும் குறையாது. "நானும் ஒரு நாள் அந்த அடுப்புல நிப்பேன் அண்ணி"ன்னு சொல்லிட்டு, தலையை நிமித்திக்கிட்டுப் போயிடுவா.

என்ன சிரிப்பு? அந்த நாத்தனா யாரா? கதையில யாரோ ஒருத்தி. உனக்கென்ன அவளைப் பத்தி?

கடை முதலாளியம்மா பேரு ஓக்சுன். கொரியாக்காரம்மா. வீட்டுக்காரரு கார் கம்பெனியில வேலை. அந்தம்மாவுக்குத் தெரிஞ்ச தமிழ் ஒரு கைப்பிடிதான். வேணும், வேணாம், சீக்கிரம், அய்யய்யோ. அந்த அய்யய்யோவை மட்டும் நம்மளை விட நல்லா சொல்லும்.

அப்புறம் ஒரு நாள், அடுப்படியில தண்ணி கொட்டிக் கிடந்துச்சு. ஓக்சுன் அம்மா பாக்காம கால் வச்சுது. சர்ர்ர்ர்ர்... டமால்! வலது கை மணிக்கட்டு போச்சு. மாவுக்கட்டு போட்டு, கையைக் கழுத்துல தொங்க விட்டுட்டாங்க. "கடை மூடு, பூங்கா. கை இல்ல, சூப்பு இல்ல"ன்னு அந்தம்மா கண்ணு கலங்குச்சு.

அப்போ பூங்காவனம் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு முன்னாடி வந்தா. "எதுக்கு மூடணும்? நான் பண்றேன்."

"பூங்கா சூப்பு தெரியும்?"

"மூணு வருஷமா உங்க முதுகுக்குப் பின்னாடிதானம்மா நிக்கிறேன். எனக்குக் கண்ணு இல்லையா?"

அப்புறம் என்ன, ஏறிட்டா அடுப்புக்கு! நெத்திலிக் கருவாட்டை எடுத்து, தலையைக் கிள்ளி, குடலைக் கிள்ளி, அப்படி எடுக்கலேன்னா கசக்கும், முள்ளங்கியும் வெங்காயமும் போட்டு, தளதள தளதளன்னு கொதிக்க விட்டு, வடிகட்டுனா. மாண்டு ஓரத்தை ஓக்சுன் அம்மா சும்மா அழுத்தி ஒட்டும். இவ தீவாளிக்கு சோமாசி மடிக்கிறாப்ல, கட்டை விரலால முறுக்கி முறுக்கி மடிச்சா. சூப்புல போட்டா ஒண்ணுகூட வாயைப் பொளக்கல. ஒன்றரை மாசம். வந்தவங்க எல்லாம் சட்டியை வழிச்சுக் குடிச்சுட்டுப் போனாங்க. சமைச்சது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ ஒரு ஃபோன் வந்துச்சு. கொரியாவுலேர்ந்து. ஓக்சுன் அம்மாவோட அப்பா, பேரு சாங்சிக். அவரு அந்த ஊர்ல நாப்பது வருஷம் இதே சூப்புக் கடை வச்சிருந்தவரு. மக கடை போர்டுல அவரு பேருதான் பெருசா எழுதியிருக்கும். அவரு என்ன சொன்னாரு? "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரேன். என் பேரை மாட்டி வச்சிருக்கியே, அதுக்குத் தகுந்த சூப்பான்னு குடிச்சுப் பாக்கணும். இல்லேன்னா நானே ஏணி போட்டு ஏறி போர்டைக் கழட்டிடுவேன்."

ஓக்சுன் அம்மா ஃபோனை வச்சுட்டு, வாசலுக்குப் போய் போர்டைப் பாத்துட்டு வந்துச்சு. அப்பா பேரு இல்லாத கடை எனக்கு வேணாம், மூடிட்டு ஊருக்கே போயிடுவேன்னு சொல்லிடுச்சு. கை உடைஞ்சதை அப்பாகிட்ட சொல்லவும் இல்ல, கவலைப்படுவாருன்னு. இப்போ பூங்காவனம் நிலைமையை யோசிச்சுப் பாரு. போர்டு போனா கடை போகும். கடை போனா அடுப்பு போகும். அடுப்பே இப்பத்தான் கைக்கு வந்திருக்கு. 'என் கையால ஒரு சூப்பு வச்சுக் காட்டுறேன்'னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. அன்னைக்கு கடைக்கு லீவு. பரிமாறுற பொண்ணும் வரல. மத்தியானமே மாவுக்கட்டு பிரிக்க ஓக்சுன் அம்மா ஆசுபத்திரிக்குப் போயிடுச்சு. பூங்காவனம் மட்டும் அடுப்புல. அப்போ வாசல்ல ஒரு டாக்சி. க்ரீச்! வெள்ளைத் தலை, நெட்டையா, குச்சி மாதிரி ஒரு தாத்தா இறங்குறாரு. சாயங்காலம் வரேன்னவரு காலை ஃப்ளைட்டைப் பிடிச்சு வந்துட்டாரு! நேரா வந்து முதல் மேசையில உக்காந்து, மேசையை டொக் டொக்குன்னு தட்டுனாரு.

பூங்காவனம் ஓடிப் போய் ஓக்சுன் அம்மாவுக்கு ஃபோன் போட்டா. டிரிங் டிரிங், டிரிங் டிரிங். எங்க அடிக்குது? கல்லா மேசை மேலயே அடிக்குது! அந்தம்மா ஃபோனை வச்சுட்டுப் போயிடுச்சு.

சரி, வந்தது வரட்டும்னு, மாண்டு எட்டு போட்டு, வெங்காயத்தாள் தூவி, கருப்பு மண்சட்டியில சூப்பு ஊத்தி, மரப்பலகை மேல வச்சுக் கொண்டு போனா. தாத்தா கரண்டியால ஒரு மாண்டுவைப் புரட்டிப் பாத்தாரு. அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு. அப்புறம் சூப்பை ஒரு வாய். ஸ்ர்ர்ர்ர்ர்ர். கண்ணை மூடுனாரு. "ஆஆஆஹ்... சிவோனதா!"

பூங்காவனத்துக்குப் பகீர்னுச்சு. ஏன்னா அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். சித்திரை வெயில்ல ஓக்சுன் அம்மா வேர்த்து விறுவிறுத்து வந்து ஏசி முன்னாடி நின்னா, "ஆஹ், சிவோனதா!"ன்னும். ஃபிரிட்ஜ்லேர்ந்து தண்ணி எடுத்துக் குடிச்சாலும் "சிவோனதா!"ன்னும். அப்போ என்ன அர்த்தம்? ஜில்லுனு இருக்குன்னுதான! இவ அதை மறக்காம இருக்க ஒரு வழியும் வச்சிருந்தா. சிவோனதா, சிவன். சிவன் எங்க இருக்காரு? கைலாசத்துல, பனிக்கட்டி மேல. சரியாப் போச்சா?

"ம். சரியாப் போச்சு."

அய்யோ, சூப்பு ஆறிப் போயிருக்கேன்னு தாத்தா வாய்ல இருக்குற கரண்டியை மட்டும் விட்டுட்டு, சட்டியைப் பலகையோட தூக்கிக்கிட்டு ஓடிட்டா. தாத்தா கரண்டியும் கையுமா முழிக்கிறாரு. அடுப்புல வச்சு, கொதகொதன்னு கொதிக்க வச்சு, திரும்பக் கொண்டாந்து வச்சா.

தாத்தா ஒரு மாதிரி பாத்துட்டு, ஊதி ஊதிக் குடிச்சாரு. ஸ்ர்ர்ர்ர்ர்ர். மூஞ்சி செவந்துச்சு. "ஆஆஆஆஹ்... சிவோனதா! சிவோனதா!"

ரெண்டு தடவை ஜில்லா! பூங்காவனத்துக்கு ரோஷம் வந்துச்சு. கொதிக்கிற சூப்பை ஜில்லுங்கிறாரே, கொரியாக்காரங்க நாக்கு என்ன இரும்பான்னு நினைச்சுக்கிட்டு, சட்டியைத் திரும்பப் பிடுங்கிட்டுப் போனா. இந்தத் தடவை சட்டி அடியே செவக்குற அளவுக்கு தீயை ஏத்துனா. பொக்குபொக்குன்னு எரிமலை மாதிரி கொதிக்குது. அப்படியே கொண்டாந்து டங்குன்னு வச்சா. "குடிங்க தாத்தா. இதுக்கும் மேல சூடு வேணும்னா அடுப்பைத்தான் தூக்கிட்டு வரணும்."

தாத்தா ஒரு வாய் வச்சாரு. நெத்தியில வேர்வை சொட்டுது, மூக்குல தண்ணி, கண்ணுல தண்ணி. "ஆஆஆஆஆஆஹ்! சிவோனதாஆஆ!"

போச்சு. போர்டு போச்சு, கடை போச்சுன்னு பூங்காவனத்துக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனாலும் விட மனசில்ல. பலகையை ஒரு பக்கம் பிடிச்சா. தாத்தா இந்தத் தடவை உஷாரு! அந்தப் பக்கத்தை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. இவ இழுக்குறா, அவரு இழுக்குறாரு. இவ "விடுங்க தாத்தா"ங்கிறா, அவரு கொரியா பாஷையில என்னமோ கத்துறாரு. நடுவுல சூப்பு தளும்புது, சளக்கு சளக்குன்னு.

அப்போ கதவு திறந்துச்சு. ஓக்சுன் அம்மா! "அய்யய்யோ!"

தாத்தா மககிட்ட படபடன்னு கொட்டுறாரு. "நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு மூணு தடவை சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் இந்தப் பொம்பள பிடுங்கிட்டுப் போறா. இது சாப்பிடுற கடையா, பாத்துட்டுப் போற கடையா?"

பூங்காவனம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "முதல்ல வச்சது ஒண்ணு, திரும்ப வச்சது ரெண்டு, ஆக மூணு தடவை சூடு பண்ணிட்டேம்மா. இன்னும் ஜில்லுனு இருக்குங்கிறாரு."

ஓக்சுன் அம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. அப்புறம் சிரிச்சுது பாரு ஒரு சிரிப்பு, தரையிலயே உக்காந்துடுச்சு! மூச்சு வாங்கி முடிச்சுட்டு, வயித்தைத் தடவிக் காட்டி, "பூங்கா, சூப்பு சூடு. உள்ள போகும். இங்க... இங்க ஏசி!"ன்னுச்சு.

பூங்காவனம் சட்டியைப் பாத்தா, தாத்தா வயித்தைப் பாத்தா. அப்புறம் நெத்தியில அடிச்சுக்கிட்டா. "அட என் புத்தியே! வயிறு குளிர்ந்துச்சுன்னா சொல்றாரு? நாமளுந்தான கொதிக்கக் கொதிக்க சோறு தின்னுட்டு, வயிறு குளிர்ந்துச்சுங்கிறோம்! அதைத்தானா இவரு மூணு தடவை சொன்னாரு?"

ஓக்சுன் அம்மா அதைத் தாத்தாவுக்கு சொல்ல, அவருக்கும் சிரிப்பு. சிரிச்சுட்டு மக முதுகைத் தட்டிக் கொடுத்தாரு. "நல்லா வச்சிருக்க சூப்பை"ன்னாரு.

இப்போ பாரு, அந்தம்மா நினைச்சிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இருக்கல. அப்பத்தான் கட்டுப் பிரிச்ச கையை நீட்டிக் காட்டுச்சு. தோல் வெளுத்து, வாழைத்தண்டு மாதிரி சோகையா இருந்துச்சு அந்தக் கை. "ஒன்றரை மாசமா இந்தக் கை கத்தியே பிடிக்கலப்பா. இன்னைக்கு சூப்பு மட்டும் இல்ல, எல்லா நாள் சூப்பும் இவதான். இவ பேரு பூங்காவனம்."

தாத்தா மகளோட கையைத் தடவிப் பாத்தாரு. பூங்காவனத்தைப் பாத்தாரு. சட்டியில மிதக்குற சோமாசி மடிப்பு மாண்டுவைப் பாத்தாரு. சிரிப்பெல்லாம் போயிடுச்சு. விறுவிறுன்னு எழுந்து வாசலுக்குப் போய், போர்டை அண்ணாந்து பாத்துட்டு ஒரே வார்த்தை சொன்னாரு. ஓக்சுன் அம்மாவுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "பூங்கா, அப்பா ஏணி கேக்குது."

"ம்...? கழட்டிட்டாரா அத்தை?"

பொறுடி, சொல்றேன். பூங்காவனம் நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டு ஏணியைக் கொண்டாந்து சாத்துனா. தாத்தா மேல ஏறுனாரு. ஒரு படி, ரெண்டு படி, மூணு படி. ஏறி நின்னு, சட்டைப் பையிலேர்ந்து கைக்குட்டையை எடுத்தாரு. எடுத்து, போர்டைத் துடைச்சாரு! லாரி போற ரோடு இல்லையா, ஒரு விரல் தண்டி தூசி. தேச்சுத் தேச்சு பளபளன்னு துடைச்சுட்டு, மேலேர்ந்து சொன்னாரு. "இப்படி ஒரு சூப்பு வைக்கிற கடை. என் பேரு தெளிவாத் தெரிய வேணாமா?"

இறங்கி வந்து, பூங்காவனத்தைக் கையைப் பிடிச்சு முதல் மேசையில உக்கார வச்சாரு. அந்த நாற்காலியைத் துடைச்சிருக்கா, மூணு வருஷத்துல ஒரு நாள் உக்காந்ததில்ல. தாத்தா தானே உள்ள போய், தன் கையால ஒரு சட்டி சூப்பு ஊத்திக் கொண்டாந்து அவ முன்னாடி வச்சு, கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. நாப்பது வருஷம் சமைச்ச மனுஷன், நம்ம பொண்ணுக்குப் பரிமாறிட்டு நிக்கிறாரு! பூங்காவனம் ஒரு வாய் குடிச்சா. ஸ்ர்ர்ர்ர்ர்ர். அவ கையால வச்ச சூப்புதான், ஆனா அன்னைக்குத்தான் ருசி தெரிஞ்சுது. தலையை நிமித்தி, "ஆஆஆஹ்... சிவோனதா!"ன்னா.

உடனே தாத்தா என்ன பண்ணாரு தெரியுமா? அய்யய்யோ ஆறிப் போச்சான்னு மூஞ்சியை வச்சுக்கிட்டு, சட்டியைப் பலகையோட வெடுக்குனு பிடுங்கி, அடுப்படிக்கு ஓட்டமா ஓடிட்டாரு!

சிரிச்சது போதும், புரைக்கேறிடும். அந்த நாத்தனாவா? அவளும் ஒரு நாள் அங்க போய் உக்காந்து குடிச்சா. குடிச்சதுலேர்ந்து அவ வாய் வேற வேலை பாக்குது. பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களைக் கூட விடாம, 'அந்த அடுப்புல நிக்கிறது என் தம்பி பொண்டாட்டி'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. ஆமாடி, பெருமைதான். இருக்கக் கூடாதா?

வயிறு குளிர சாப்பிட்டாச்சு, காது குளிர கேட்டாச்சு. சட்டியும் காலி, கதையும் காலி. உங்கம்மா வர்றப்போ நீ முழிச்சிருந்தா என்னைத்தான் திட்டுவா. கண்ணை மூடு.

ம் சொல்லு.

சரி, சொல்ல வேணாம்.