கரிமூட்டத்தைக் கடந்த நரி

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. ஒரு நரியால் இது முடியுமா என்ற சந்தேகம் இன்னும்கூட முழுதாகத் தீரவில்லை. எனக்கு இதைச் சொன்னது ஒரு கீரி. அது சொன்னபடியே சொல்கிறேன்.

கண்மாய்க் கரையை ஒட்டிய கருவேலங்காட்டில் கருவாயன் என்றொரு நரி இருந்தது. கரையோரத்தில் மனிதர்கள் விறகை அடுக்கி, மண்ணால் மூடிக் கரி சுடுவார்கள். அந்தக் கரிமூட்டத்தின் துளைகளில் எந்நேரமும் புகை கசியும். கருவாயன் தினமும் ஒரு துளையில் மூக்கை வைத்துப் புகையை இழுக்கும். பக்கத்துத் துளையில் அதன் நண்பனான இதே கீரி இழுக்கும். தலை கிறுகிறுக்கும். இரண்டுக்கும் அதுதான் சொர்க்கம்!

ஆனால் மாலையில் மற்ற நரிகள் ஊளையிடும்போது கருவாயனுக்கு இருமல்தான் வரும்.

ஓர் அமாவாசையன்று தலைவி நரி கூட்டத்தைக் கூட்டியது.

“அடுத்த அமாவாசை கழிந்ததும் இங்கே ஆட்டுக்கிடை போடப்போகிறார்கள். கிடைநாய்கள் நம்மை விடாது. அதற்குள் மலைக்கு ஓடிவிட வேண்டும். கருவாயா, உனக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறதே!”

“என்னை விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா, அக்கா?”

“குட்டிகள் இருக்கின்றன. உனக்காக நிற்க முடியாது. இன்று முதல் தினமும் கண்மாயை ஒரு சுற்று ஓடு. நடுவில் நிற்காதே, ஒரு நாளும் தவறாதே. நிலவு வளர்ந்து தேய்ந்து மறையும்வரை ஓடிவிட்டால் எங்களோடு வா!”

கருவாயன் அன்றே புகையை விட்டது. முதல் சுற்றில் கால்கள் பின்னின. கறுப்பாகக் கோழை கக்கியது. தவழாத குறையாகச் சுற்றி வந்தது.

“என்ன மாப்பிள்ளை, நண்டுகூட உன்னை முந்துகிறதே! வா, ஒரே ஒரு இழுப்பு!” என்று கீரி சிரித்தது.

“பேச்சுக் கொடுக்காதே! இருக்கிற மூச்சும் போகிறது!”

தூக்கத்திலும் புகை வந்து கூப்பிட்டது. எரிச்சலில் கருவாயன் தன் வாலையே கடித்துக்கொண்டது. ஆனாலும் மறுநாள் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது. பௌர்ணமியன்று இலந்தைப்பழ வாசனை அதன் மூக்குக்கு எட்டியது. அந்த வாசனையையே அது மறந்திருந்தது!

கடைசி நாள் காற்று திசை மாறியது. கரிமூட்டத்துப் புகை முழுவதும் கரைமேல் இறங்கியது. பாதையே தெரியவில்லை.

“மாப்பிள்ளை, இன்று நீ இழுக்கவே வேண்டாம்! சும்மா மூச்சு விட்டாலே போதும்!” என்று கீரி கூவியது.

கருவாயன் நிற்கவில்லை. நெஞ்சு நிறைய நல்ல காற்றை வாங்கி, வாயை இறுக மூடிக்கொண்டு, புகைக்குள் பாய்ந்தது.

இருமல் கேட்கும் என்று கீரி காத்திருந்தது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அப்போது புகைக்கு அப்பாலிருந்து ஓர் ஊளை எழுந்தது. நீண்டது. இன்னும் நீண்டது. கொக்குகள் கூட்டமாகப் பறந்தன. காட்டிலிருந்த நரிகள் எல்லாம் பதிலுக்கு ஊளையிட்டன.

“அவ்வளவு மூச்சு அந்த நரிக்குள் எங்கே இருந்தது!” என்று சொல்லும்போது கீரியின் ரோமம் இன்றும் சிலிர்த்து நிற்கிறது.

கெட்ட பழக்கத்தை இன்று ஒரு நாள் விடுவேன் என்று தினமும் எழுகிறவனுக்கு, இழந்த மூச்சும் திரும்பி வரும்.

ஒவ்வொரு முறையும் கீரி இந்தக் கதையை இருமிக்கொண்டேதான் சொல்லி முடிக்கும். வெகுநாள் தயங்கிவிட்டுக் கடைசியில் கேட்டேன்: “இவ்வளவையும் கண்ணால் பார்த்த நீ, ஏன் இன்னும் அந்தத் துளையை விட்டு எழுந்திருக்கவில்லை?”