தொட்டில் மட்டத்துக்கு ஒரு சீலிங்

சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். ஆரணி மாசிலாமணி வீட்டுக் கூடத்தின் சீலிங் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லியாக வேண்டும். இங்கே ஒரு சாண் தொங்கல், அங்கே நாலு விரல் மேடு. யாராவது தும்மினால் சுண்ணாம்பு உதிரும். ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் தலையில் சுண்ணாம்பு உதிர்ந்தால் சம்பந்தமும் உதிர்ந்துவிடும். பொறுங்கள், இன்னும் இல்லை.

பழைய சீலிங்கை மறைத்து ஜிப்சம் போர்டு அடிக்க வந்தவர் பொன்னுரங்கம். சொன்ன சொல்லைத் தாண்டி ஓர் அங்குலம் போகாதவர் என்று தன்னைப் பற்றி அவருக்கே பெருமை. கூடவே காத்தவராயன், வீரபத்திரன்.

வேலைக்குக் கிளம்பும்போது மாசிலாமணி சொல்லிவிட்டுப் போனார்: "மேலேர்ந்து எது ரொம்பத் தாழத் தொங்குதோ, அதுதான் மட்டம். சீலிங் முழுக்க அந்த மட்டத்துக்கு இறக்கி அடிச்சிடுங்க."

மூவரும் அண்ணாந்து தேடினார்கள்.

"உத்தரம்தாண்ணே," என்றான் காத்தவராயன்.

"ஃபேன் அதுக்கும் கீழ கீதே! கண்ணு இன்னா பொடனியிலயா வச்சிக்கீறே?" என்றான் வீரபத்திரன்.

பொன்னுரங்கம் உதட்டைப் பிதுக்கினார். "நீங்க ரெண்டு பேரும் வேலை கத்துக்கின லட்சணம்! கொக்கியில இன்னா தொங்குது பாரு."

சேலைத் தொட்டில். உள்ளே மாசிலாமணியின் ஆறு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலின் அடிவயிறு தரையிலிருந்து சரியாக இரண்டடி. நாலு சுவரிலும் இரண்டடியில் நூல் பிடித்தார்கள்.

தூசி பறக்குமே என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனாள். தொட்டில் நாலு விரல் மேலே ஏறிவிட்டது. வேலை நின்றது.

"அண்ணே, மட்டம் குழந்தையோடயா, குழந்தை இல்லாமயா?"

பொன்னுரங்கம் ஒரு பீடி தீரும்வரை யோசித்தார். "குழந்தையோடதான். வூட்ல இருக்கற ஆளை வுட்டுட்டு வேலை செஞ்சா பாவண்டா."

ஸ்க்ரூ மூட்டையைத் தொட்டிலில் போட்டார்கள். தொட்டில் மரியாதையாக இறங்கியது. காத்தவராயன் போகிறபோக்கில் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டான்.

சாயங்காலம் மாசிலாமணி போன் செய்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். மேல தண்ணி ஊத்துனாலும் ஒரு பக்கமா ஓடாது, அப்படியொரு மட்டம்!"

"ஃபேன்?"

"மேல பத்திரமா கீது சார்."

"சுண்ணாம்பு தலையில விழாதே?"

"சான்ஸே இல்ல சார்."

மாசிலாமணிக்கு மூச்சு வந்தது. "சாரத்தையெல்லாம் பிரிச்சிட்டீங்களா?"

"சாரமே கட்டல சார். மூணு பேரும் படுத்துக்கினே அடிச்சிட்டோம்."



"படுத்துக்கிட்டா? யோவ்... தரையிலேர்ந்து எவ்ளோ உயரம்யா?"

"இப்போதைக்கு ரெண்டடி சார். குழந்தை வளர்ற வயசு, வெயிட்டு ஏறுனா தொட்டில் இன்னும் இறங்கும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, மாசாமாசம் வந்து நாங்களே இறக்கிக் குடுத்துடறோம்!"