சோணை சொன்ன அருவி

மழையும் வெயிலும் முறை வச்சு வந்துபோன காலத்துல, ஒரு சீமையில ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு எல்லாம் இருந்துச்சு, இருப்புதான் கொள்ளல. கட்டில்ல உக்காந்தா முற்றத்துக்குப் போகணும், முற்றத்துக்குப் போனா கோட்டை வாசலுக்குப் போகணும், வாசலுக்கு வந்தா எங்கிட்டாச்சும் தூரமாப் போகணும். சுத்துப்பட்டுல இருக்குற கோயிலு, கொளம், திருவிழா அம்புட்டும் பாத்தாச்சு. "யாரும் பாக்காத எடமா ஒண்ணு சொல்லுங்கப்பா, சொல்றவனுக்கு அரமனையில கறிச்சோறு"ன்னு தண்டோரா போட்டுட்டாரு.

அந்த ஊர்ல சோணைன்னு ஒருத்தன். எப்பிடியாப்பட்ட ஆளுன்னா, சொந்த ஊருக் கம்மாக்கரையத் தாண்டினது கெடையாது. நடக்கச் சோம்பப்பட்டு எதுத்த வீட்டுலயே பொண்ணு கட்டுனவன். எங்க சின்ன மாமியாளோட அண்ணன் ஒருத்தரு இப்பிடித்தான், தாலி கட்டுற அன்னைக்கு மாமனார் ஊருக்கு நடக்கணும்னு அழுதாராம், அப்பறம் அவரைக் கூடையில வச்சு... சரி, அது பெரிய கதை, கெடக்கட்டும். டேய், காலை ஆட்டாம கேளு.

கறிச்சோறுன்னதும் சோணை போயி நின்னான். "ராசா, ஏழு மலைக்கு அங்கிட்டு ஒரு அருவி இருக்கு. உலகத்துல எல்லா அருவியும் மேலருந்து கீழ விழுகும். இது கீழருந்து மேல போகும். என் ரெண்டு கண்ணால பாத்தேன்"னு அவுத்து விட்டான். ராசா எலை போடச் சொன்னாரு. சோணையும் ஒரு வாட்டி தின்னு, ரெண்டாவது வாட்டி தின்னு, மூணாவது வாட்டியும் தின்னுட்டு எந்திரிக்க, ராசா கையப் புடிச்சுக்கிட்டாரு.

"வா, போவம்."

"எங்க ராசா?"

"அருவிக்குத்தான். காட்டுனா சரி. காட்டலேன்னா உன் தலையை அங்கயே விட்டுட்டு வருவேன்."

தின்ன கறி சோணைக்கு நெஞ்சுலயே நின்னுபோச்சு.

படை வந்தா காடு கலைஞ்சு போகும்னு ராசா யாரையும் கூட்டிக்கல. முன்னால ராசா, பின்னால சோணை. மொத மலையில சோணை, "ராசா, இங்க புலி நடமாட்டம் இருக்கு, திரும்பிருவம்"னான். "புலியா! எங்கடா, காட்டு"ன்னு ராசா பொதருக்குள்ள பூந்துட்டாரு. அப்பறம் ஒரு ஆறு வந்துச்சு. "ராசா, ஆத்துல வெள்ளம் இழுக்குது, திரும்பிருவம்"னான். "நீந்திப் பாத்ததே இல்லடா"ன்னு குதிச்சு, இவனையும் தலைமயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அப்பறம் ஒத்தையடிப் பாதையும் முடிஞ்சுபோச்சு. "ராசா, இதுக்கு மேல தடமே இல்ல, யாரும் போனதில்ல, திரும்பிருவம்"னான். "யாரும் போனதில்லையா? அடடா!"ன்னு ராசா ஓட ஆரம்பிச்சுட்டாரு.

இவன் தடுக்கத் தடுக்க அவருக்கு ஆசை கூடுது. சோணை கழுத்தத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே நடந்தான்.

ஏழாவது மலை உச்சியில நாலஞ்சு புல்லுக் குடிசை. ஒரு பொம்பளை, மாதின்னு பேரு, இடுப்புல புள்ளையோட வள்ளிக்கெழங்கு சுட்டுக்கிட்டிருந்தா. சோணை ராசாவ முந்திக்கிட்டு ஓடி, "தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும். மேல போற அருவி ஒண்ணு இருந்துச்சு, போன வருசம் வத்திப்போச்சுன்னு சொல்லிரு"ன்னு கெஞ்சினான்.

மாதி ஒரு மாதிரியாப் பாத்தா. "எதுக்கு வத்துது? அந்தா, பாறைக்குப் பின்னால இருக்கே."

"என்னது, இருக்கா?"ன்னு சோணை வாயப் பொளந்தான். அவன் பொய்யி அவனுக்கு முன்னாடி வந்து குடியிருக்கு!

ராசா பாஞ்சு போயிப் பாத்தாரு. அருவி இருக்கு. கீழதான் விழுகுது. உருவினாரு வாளை. "எங்கடா மேல போகுது?"

"ஏப்பா தம்பி, கத்தியை உள்ள வையி"ன்னா மாதி. அவளுக்கு ராசாவத் தெரியுமா, கூசாவத் தெரியுமா? "காத்து வந்தாத்தான் மேல போகும். எங்க காத்து கூச்சக்காரி. நிக்கிறவுக முன்னால வரமாட்டா. இங்க வந்தவுக பாறையில உக்காரணும். எந்திரிச்சா அவ திரும்பிப் போயிருவா."

உக்காரணுமாம்! யாரு? நம்ம ராசா!

ராசா உக்காந்தாரு. ஒடனே குண்டி அரிக்குது. எந்திரிக்கப் போனாரு. அவரு எந்திரிச்சா காத்து வராது, காத்து வரலேன்னா சோணை தலை போச்சு. சோணை பாஞ்சு ராசா முழங்காலக் கட்டிக்கிட்டு, "ராசா, மணலுக்குள்ள ஒரு ஊரு இருக்கு, அங்க மீனு நடந்து வரும்!"னான். "அப்பிடியா, சொல்லு"ன்னு உக்காந்தாரு. அது முடிஞ்சதும் மறுபடி எந்திரிச்சாரு. "ராசா, ஒரு தீவுல குருவி எல்லாம் சேந்து பந்தி போடும்!" உக்காந்தாரு. மறுபடி எந்திரிச்சாரு. "ராசா, பனிக்கு அங்கிட்டு ஒரு சனம், அவுக நெழலைக் கழட்டி வச்சுட்டுத்தான் தூங்குவாக!" தொண்டை கட்டிப்போச்சு சோணைக்கு. பொழுது சாயுது, இவன் ஊரு ஊரா அடுக்குறான்.

அப்பத்தான் பள்ளத்துலருந்து 'ஊ...'ன்னு ஒரு சத்தம். காத்து பாறையில முட்டி மேல ஏறுச்சு. விழுந்துக்கிட்டிருந்த தண்ணி அந்தரத்துல நின்னுச்சு, தயங்குச்சு, அப்பறம் வெள்ளைச் சேலையச் சுருட்டி மேல எறிஞ்சாப்புல போச்சு பாரு! எல்லார் மூஞ்சியிலயும் சாரலு. ராசா கண்ணக் கொட்டல. மாதி இடுப்புல இருந்த புள்ள கெக்கெக்கேன்னு சிரிக்குது. சோணை, தலை தப்புச்சுன்னு குப்புற விழுந்து கும்புட்டான்.

ராசா அவனத் தூக்கி நிறுத்திக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. "உன்னையப் போயி சந்தேகப்பட்டேனேடா. இது நெசம்னா நீ சொன்ன மத்த ஊரும் நெசம்தான். அம்புட்டையும் பாத்துட்டுத்தான் வீடு."

"ராசா, அதெல்லாம்..."

"அதெல்லாம் என்ன?"ன்னு ராசா கை வாளுக்குப் போச்சு.

சோணை கழுத்தத் தடவிக்கிட்டான். "அதெல்லாம்... ரொம்பத் தூரம் ராசா."

"தூரம்னாத்தான்டா நல்லது! நட!"

கம்மாக்கரையத் தாண்டாத சோணை அன்னைக்கு எடுத்த நடை, மணலுக்குப் போச்சு, தீவுக்குப் போச்சு, பனிக்கும் போச்சு. போற எடத்துல எல்லாம் ராசா உக்கார மாட்டேங்குறாரு, கால் ஆறட்டும்னு அவரை உக்கார வைக்க இவன் இன்னொரு ஊரச் சொல்ல வேண்டியிருக்கு, சொன்ன ஊருக்கு நடக்க வேண்டியிருக்கு. காணாத ஊரக் கண்டேன்னு சொன்னா, கால்தான் அதுக்குப் பதில் சொல்லணும், ஆமா.

அவுக போன பாதையில கதையும் போயிருச்சு, அதைத் தொரத்திக்கிட்டு நாம போக வேணாம். போர்வைய இழுத்துப் போத்துங்க.