பாசிட்டிவ் மட்டும் மாட்டிய கார்

திருச்சியில் பேச்சாளர் கனகசபாபதி வீட்டில் ‘இல்லை’, ‘முடியாது’ என்ற சொற்களுக்கு அனுமதி கிடையாது. நல்லதையே பேசு என்று ஊர் ஊராகப் போதிப்பவர் அவர். ‘பெட்ரோல் இல்லை’ என்று சொன்ன பழைய டிரைவருக்கு அன்றோடு வேலை போயிற்று. அடுத்து வந்த லூர்து பிள்ளைகுட்டிக்காரன், வாயை அளந்துதான் திறப்பான்.

ஒருநாள் காலை கார் கிளம்பவில்லை. அவரை அழைத்துப்போக வந்த விழாக்குழுவினர் வாசலில் நின்றார்கள். லூர்து பானட்டைத் திறந்தான். பேட்டரி முனைகளில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது.

“சுத்தம் பண்ணினா சரியாயிடும்யா. முதல்ல நெகட்டிவைக் கழட்டணும்.”

“என் கார்ல நெகட்டிவா?” விழாக்குழுவைப் பார்த்துக்கொண்டே அதட்டினார் கனகசபாபதி. “கழட்டினதை மறுபடி மாட்டாதே. பாசிட்டிவ் மட்டும் போதும். முடியாதுன்னு சொல்ற ஆளுக்கு இங்கே இடமில்லை.”

“ஆகட்டுங்கய்யா.”

ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்துத் துடைத்து, பாசிட்டிவான சிவப்பு வயரை மட்டும் முடுக்கினான் லூர்து. கனகசபாபதியே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முனகல்கூட இல்லை.

“என்னய்யா ஆச்சு?”

“வண்டி ரொம்ப நிம்மதியா இருக்குங்கய்யா.”

“எப்போ கிளம்பும்?”

“கிளம்புங்கிற நம்பிக்கையோட இருங்கய்யா.”

அவரும் இருந்து பார்த்தார். சட்டை வியர்வையில் நனைந்தது. கடைசியில் கதவைத் திறந்து, “இப்படி முடியாதுய்யா, நெகட்டிவை மாட்டு” என்றார்.

லூர்து கைகட்டி நின்றான். “மாட்டிடறேன்யா. ஆனா முடியாதுன்னு சொல்ற ஆளுக்கு இங்கே இடமில்லைன்னீங்க. இப்ப யாருங்கய்யா வெளியே போறது?”

விழாக்குழு சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. கனகசபாபதி இறங்கிப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.