அறுபத்தெட்டுத் தாத்தாக்களின் திதி

முதலில் கேட்டது பெயர்கள்தான். கோட்டை மதிலுக்கு அப்பால் ஒரு வெண்கலக் குரல், இன்னாரின் பேரன், இன்னாரின் கொள்ளுப்பேரன் என்று அடுக்கிக்கொண்டே வந்தது. இருபத்தெட்டாவது பாட்டனாரும் வந்து சேர்ந்த பிறகுதான் வாசலில் பல்லக்குத் தெரிந்தது. உள்ளே பக்கத்து நாட்டு அரசர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வேங்கைக்காட்டு அரசர் செண்பகராயருக்கு அன்று விருந்தில் சோறு இறங்கவில்லை. அவருக்குத் தெரிந்தது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அதற்கு மேலே ஒரே புகைமூட்டம்.

விருந்தாளி போனதும் அம்பலத்தாடியைக் கூப்பிட்டார். சபையில் யோசனை சொல்லி, சமயத்தில் சிரிக்கவைத்து, அதற்காகவே அரண்மனை கொடுத்த வீட்டில் குடியிருப்பவர் அம்பலத்தாடி. என் முன்னோரைத் தேடிக்கொண்டு வாரும் என்றார் அரசர்.

அம்பலத்தாடி ஊர் ஊராக அலைந்தார். குலதெய்வக் கோயில் பூசாரியைக் கேட்டார். பங்காளிகள் பொங்கல் வைக்கிற இடத்தில் புகையோடு புகையாக உட்கார்ந்து கேட்டார். மார்கழியில் திரும்பி வந்து, ஒருவர்தான் கிடைத்தார் என்றார். பெயர் மொக்கையன். கழுதைமேல் உப்பு ஏற்றி விற்றவர்.

சபை முழுக்க விட்டத்தைப் பார்த்தது.

வாகீசப் புலவர் எழுந்தார். அம்பலத்தாடியின் வீட்டின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அரச வம்சம் சூரியனில் தொடங்குகிறது என்று ஆரம்பித்து, அறுபத்தெட்டுத் தலைமுறையை மூச்சு விடாமல் சொன்னார். ஒருவர் யானையைத் தந்தத்தைப் பிடித்துச் சுழற்றினார். இன்னொருவர் அதட்டிய அதட்டலில் கடல் பின்வாங்கியது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புக்காரனைக் கொண்டுவந்த அம்பலத்தாடி மாசி மகத்துக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டியது, வீடு புலவருக்கு என்று உத்தரவானது.

அம்பலத்தாடி கும்பிட்டார். போகுமுன் ஒரே சந்தேகம் என்றார். இந்தப் பெரியவர்கள் எந்தெந்த நாளில் காலமானார்கள் என்று புலவருக்குத் தெரிந்திருக்குமோ?

புலவர் பேசக் கற்ற நாள் முதல் தெரியாது என்று சொன்னதில்லை. மகான்கள் உத்தராயணத்தில்தான் போவார்கள் என்று, தை பிறந்ததிலிருந்து ஒவ்வொருவராகச் சாகடிக்க ஆரம்பித்தார். பிரதமையில் ஒருவர், துவிதியையில் இருவர், நடுவில் ஒருநாளும் விடவில்லை. சூரியன் மட்டும் தப்பினார். அவர் இன்னும் காலமாகவில்லை.

"நாள் தெரிந்துவிட்டது. இனித் திதி கொடுக்காமல் விடலாமா, மகாராஜா? பக்கத்து நாட்டார் கேட்டால் என்ன சொல்வோம்?" என்றார் அம்பலத்தாடி.

என் பாட்டன் ஒருவரையும் பட்டினி போடமாட்டேன் என்று அரசர் நெஞ்சை நிமிர்த்தினார்.

தை பிறந்தது. விடியலில் பச்சைத் தண்ணீரில் முழுக்கு. ஈர வேட்டியோடு எள்ளும் தண்ணீரும். பிற்பகல் வரை வாயில் ஒன்றும் படக்கூடாது. பிறகு வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல். ஆட்டுக்கறி கிடையாது, வேட்டை கிடையாது, தாம்பூலம்கூடக் கிடையாது. மறுநாள் அடுத்த தாத்தா. யானையைச் சுழற்றியவரின் திதியன்று அரசர் படியேறுவதற்குத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

மாசி மகத்துக்கு முதல் நாள் அம்பலத்தாடி வீட்டுக்கு அரண்மனை ஆள் வந்தான். மூட்டையெல்லாம் கட்டி முடித்துவிட்டு, அவரும் மனைவி வடிவுடையாளும் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"போகிற நேரத்தில் என்னவாம்?" என்றாள் அவள்.

"பசியாம்," என்று கையைக் கழுவிக்கொண்டு போனார்.

சபையில் அரசர் பாதியாக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் புலவர். இதே வரிசை அடுத்த வருஷமும் வருமா என்று கேட்டார். வருஷா வருஷம் வரும் என்றார் அம்பலத்தாடி. இதற்கு ஒரு வழியே இல்லையா ஐயா என்றார் அரசர்.

"இருக்கிறது, மகாராஜா. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஓர் ஆடி அமாவாசை போதும். ஆனால் நம் புலவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அரசர் புலவர் பக்கம் திரும்பினார். ஒரு மாதத்துக்கு மேல் பசித்தவரின் பார்வை.

"புலவரே, அவர்கள் என்றைக்கு இறந்தார்கள் என்று உமக்குத் தெரியுமா?"

புலவரின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. "தெரியாது, மகாராஜா."

"என்றைக்குப் பிறந்தார்கள்?" என்றார் அம்பலத்தாடி, பணிவாக.

"தெரியாது."

"பிறந்தார்களா?"

புலவர் இன்னொரு முறை அரசரின் முகத்தைப் பார்த்தார். "அதுவும் தெரியாது."

கடைசியில் அரசரே, அந்த உப்புக்காரர் எப்படிப்பட்டவராம் என்று மெதுவாகக் கேட்டார்.

"இறந்த நாள் யாருக்கும் தெரியவில்லை. கேட்ட இடமெல்லாம் ஒரே சேதிதான். பஞ்ச காலத்தில் கூழுக்கு உப்பில்லாத வீட்டுக்கெல்லாம் உப்பைக் கொடுத்துவிட்டு, அந்தக் கூழிலேயே பங்கு கேட்பாராம். மனிதர் பசி மட்டும் தாங்கமாட்டாராம்." அம்பலத்தாடி அரசரை மேலும் கீழும் பார்த்தார். "தங்கள் வம்சம் அதுதான் என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டியதில்லை."

அரசர் சிரித்தார். தெம்பில்லாததால் சிரிப்பு தவணை தவணையாக வந்தது. வீடு அம்பலத்தாடிக்கே என்றார், கூட ஒரு ஜோடி காளையும். புலவருக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. மொக்கையனின் அப்பா யார் என்று கேட்டுக்கொண்டு வரும், நடந்தே போய் வாரும் என்று சொல்லிவிட்டு, கறிக்குழம்பு இருந்த திசையில் போனார்.

அம்பலத்தாடி வீடு திரும்பியபோது மூட்டைகள் கட்டியபடியே கிடந்தன. அவிழ்க்கட்டுமா என்று கேட்டார். நாளைக்கு மகம் கழியட்டும், பார்க்கலாம் என்றாள் வடிவுடையாள், தலை நிமிராமல். அவர் எதிரில் உட்கார்ந்து, பாதியில் விட்ட புளியைக் கையில் எடுத்தார்.