தளும்பாமல் வந்த புண்ணியம்

கேளுங்கள். மிருகங்கள் பேசிய காலம் முடிந்து, மனிதர்கள் பேசத் தொடங்கி, உலகத்தில் நிம்மதி போன காலம் அது. நெடுங்கரை என்ற ஊரில் பொன்னம்பலம் என்று ஓர் எண்ணெய் வணிகர் இருந்தார். மனைவி தவறிவிட்டாள். மகள்கள் இரண்டு பேர். பெரியவள் வடிவு கல்லூரணியில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். சின்னவள் தையல்நாயகி அப்பாவோடு இருந்தாள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்பாள். ஊரார் அவளை வாயாடி என்றார்கள். அதே கேள்வியை ஓர் ஆண் கேட்டிருந்தால் ஞானி என்றிருப்பார்கள். அந்தக் காலத்திலேயே இந்த அநியாயம் உண்டு.

வயது ஏற ஏறப் பொன்னம்பலத்துக்கு ஒரு கவலை வந்தது. தோப்பு சேர்த்தாயிற்று, வீடு சேர்த்தாயிற்று, புண்ணியம் சேர்க்கவில்லையே! மூன்று பெரிய கோயில்கள் உள்ள முக்கோயிலூருக்கு வண்டி கட்டச் சொன்னார். தையல்நாயகியும் ஏறிக்கொண்டாள். போகிற வழியில்தான் கல்லூரணி.

“அப்பா, அக்காவை ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாமே?”

“நல்ல நேரம் தவறிடும். பேசாம வா.”

“அப்ப வரும்போது?”

“வரும்போது கூடவே கூடாது!”

ஏன் கூடாது? கோயிலுக்குப் போனவர்கள் நேரே தங்கள் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். நடுவில் அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைத்தால், கிடைத்த புண்ணியம் அந்த வீட்டிலேயே தங்கிவிடும். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். மற்றவர்கள் அதைச் சும்மா சொல்லிவைப்பார்கள். பொன்னம்பலம் நம்பினார்.

முக்கோயிலூரில் முதல் கோயில் பிள்ளையார். நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டார். பக்கத்தில் ஒருவர் மூன்றோடு நிறுத்திக்கொண்டதைப் பார்த்து, ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டினார்.

இரண்டாம் கோயில் சிவன். சிவன் கோயிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்பார்கள். உச்சிவேளையில் உட்கார்ந்தவர் பொழுது சாயும்வரை எழவில்லை. பசியில் தையல்நாயகிக்குக் கல்தூணெல்லாம் கரும்பாகத் தெரிந்தது.

மூன்றாம் கோயில் பெருமாள். அங்கே உட்காரக் கூடாதாம். நம்மோடு கூட வரும் மகாலட்சுமியும் அங்கேயே உட்கார்ந்துவிடுவாளாம். கால் கடுத்த தையல்நாயகி படியில் குந்தப் போனாள். “எந்திரி! எந்திரி!” என்று அவர் போட்ட கூச்சலில், பட்டர் பதறிப்போய்த் தீர்த்தத்தை யாரோ ஒருவர் காதில் ஊற்றிவிட்டார்.

சத்திரத்தில் படுத்து, விடிந்ததும் கிளம்பினார்கள். விளிம்புவரை நிரம்பிய எண்ணெய்க் குடத்தை மடியில் வைத்திருப்பவர் போலப் பொன்னம்பலம் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

“மாயாண்டி, பள்ளத்துல இறக்காதேடா. தளும்பும்.”

“என்னங்கய்யா தளும்பும்?” என்றார் வண்டிக்காரர்.

“புண்ணியம்!”

தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

முதல் ஊரில் பழைய சிநேகிதர் மோர் குடிக்க உள்ளே அழைத்தார். போகவில்லை. இரண்டாம் ஊரில் கொட்டோ கொட்டென்று மழை. யாரோ கதவைத் திறந்து “உள்ள வாங்க” என்றார்கள். போகவில்லை, மூவரும் நனைந்த கோழிகளாக நின்றார்கள். மூன்றாம் ஊர் கல்லூரணி. வடிவின் மாமியார் அலமேலு இரண்டு கைகளையும் விரித்து, நடுத்தெருவில் வண்டியை மறித்தாள்.

“சம்பந்தி, இறங்குங்க. வடிவுக்கு ஒம்பது நாளாக் காய்ச்சல். நேத்து உங்க ஊருக்கு ஆள் அனுப்பினா, நீங்க முக்கோயிலூர் போயிட்டதாச் சொன்னாங்க. மூணு நாளாக் கஞ்சித் தண்ணிகூட எறங்கல. கசாயத்தை வாயில வச்சாத் துப்புறா. இன்னைக்கும் உள்ள போகலைன்னா, அப்புறம் தன் கையில இல்லைன்னுட்டாரு வைத்தியரு. அப்பா, அப்பான்னு பொலம்புறா.”

பொன்னம்பலத்தின் முகம் வெளிறியது. ஒரு கால் வண்டியிலிருந்து கீழே இறங்கியது. பிறகு, பாவி மனுஷர், அந்தக் கால் மறுபடி மேலே ஏறிவிட்டது.

“வீட்டுக்குப் போய் விளக்கேத்திட்டு, அதே காலோட திரும்பி வந்துடறேன் சம்பந்தியம்மா.”

“உங்க வீடு இன்னும் அரை நாள் தூரம்!”

தையல்நாயகி குதித்து இறங்கி, நுகத்தடியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ஒரே ஒரு கேள்வி. அடுத்தவங்க வீட்டுக்குள்ள போனாப் புண்ணியம் அங்கேயே தங்கிடும். சரிதானே?”

“சரி.”

“கோயில் யார் வீடு?”

“சாமி வீடு. இது தெரியாதா?”

“பிள்ளையார் வீட்டுல வாங்கின புண்ணியத்தோட நேரா எங்க போனோம்? சிவன் வீட்டுக்கு. அது அங்கேயே தங்கிருச்சு. சிவன் குடுத்தது பெருமாள் வீட்டுல தங்கிருச்சு. பெருமாள் குடுத்ததைச் சத்திரத்துல விட்டுட்டீங்க. ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்கினது அடுத்தவங்க இடம்தானே? காலிக் குடத்தையா ரெண்டு ஊரா, மழையிலகூடக் காப்பாத்திட்டு வர்றீங்க?”

மாயாண்டி மாட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பொன்னம்பலம் யோசித்தார். கண்ணை மூடி யோசித்தார். தலையில் கைவைத்து யோசித்தார். மகள் சொன்னதில் ஓட்டையே இல்லை.

“மாயாண்டி!” என்று அலறினார். “வண்டியைத் திருப்பு! மறுபடி முக்கோயிலூர்! இந்தத் தடவை ஒரே ஒரு கோயில்தான்!”

வாதத்தில் ஜெயித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவை அவ்வளவு நன்றாக ஒப்புக்கொள்ள வைத்திருக்க வேண்டாம்.

அலமேலு வழியைவிட்டு விலகினாள். “போங்க சம்பந்தி. கண்ணைத் தொறந்தா, ‘அப்பா வண்டி வந்துச்சா’ன்னு கேப்பா. வந்துச்சு, வாசலோட திரும்பிப் போயிருச்சுன்னு நானே சொல்லிக்கிறேன்.”

வண்டி திரும்பவில்லை. மாயாண்டி கயிற்றைத் தொடவே இல்லை.

தையல்நாயகியிடம் மடக்கிக் கேட்க ஒரு கேள்வியும் மிச்சமில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். மூணு கோயில் புண்ணியமும் உங்ககிட்டயே இருக்கட்டும். உள்ள போனாச் சிந்தும். சிந்தினா என்ன? அக்கா மேலதானே சிந்தும்?”

பொன்னம்பலம் அவளையே பார்த்தார். நாற்பது வருஷம் எண்ணெய் ஊற்றிய மனிதருக்கு, ஊற்றினால் கீழே ஒரு பாத்திரம் நிறையும் என்பது அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

குதித்தார். செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். வடிவு படுத்திருந்த அறைக்குள் நுழைந்தார். வெளியே வந்தார். மறுபடி நுழைந்தார். மறுபடி வெளியே வந்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு, மூன்றாம் தடவை நுழைந்தார்.

வடிவு மெல்லக் கண்ணைத் திறந்தாள். “என்னப்பா பண்றீங்க?”

“பேசாதே தாயி. ஒரு சொட்டு விடாமக் கொட்டிக்கிட்டு இருக்கேன்.”

என்ன கொட்டுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அப்பா ஈரக்கோழிபோல் உதறிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் திறந்த வாயில் தையல்நாயகி கசாயத்தை ஊற்றினாள். மடக்கென்று உள்ளே போய்விட்டது.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கசாயத்தால் விட்டதா, கொட்டிய புண்ணியத்தால் விட்டதா என்று தையல்நாயகியும் மாயாண்டியும் வீடு வந்து சேரும்வரை வாதாடினார்கள். வண்டி பள்ளத்தில் குலுங்கியபோது பொன்னம்பலமும் சேர்ந்து சுகமாகக் குலுங்கினார்.

துயரப்படுபவர் வீட்டுக்குள் நுழையாமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் புண்ணியம் புண்ணியமே அல்ல.