அம்பு ஒட்டிய சட்டை

ஆறுக்குட்டி குருவிடம் கேட்ட கேள்வி இதுதான்: சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கு எந்த உடுப்பு சுகம்?

மாடியில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அங்கே வருகிறவர்கள் சாவைப் பற்றிக் கேட்பார்கள், மனசு அடங்காததைப் பற்றிக் கேட்பார்கள். பேன்ட்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆறுக்குட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

குரு சிரிக்கவில்லை.

குருவின் பெயர் துளசிமணி. நாற்பது இன்னும் முடியாத பெண். திருப்பூருக்கு வெளியே, மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறையின் மாடியில் தங்கியிருந்தார். சாயங்காலம் இருபது முப்பது பேர் வந்து தரையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆறுக்குட்டிக்கு ஐம்பத்தாறு. இரண்டு மாதமாக வருகிறார். ஒரு நாளாவது பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தார் என்று கிடையாது. காலரை இழுப்பார். இடுப்பைத் தளர்த்துவார். எழுந்து போய் ஜன்னலருகில் நிற்பார். திரும்பி வந்து வேறு இடத்தில் உட்கார்வார்.

"சொல்லுங்கண்ணா," என்றார் குரு.

ஆறுக்குட்டி நின்றுகொண்டேதான் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்தியவர். அது போயிற்று. ஒன்றரை வருஷம் வீட்டில் சும்மா கிடந்து, வாசலில் போகிற வருகிறவர்களோடெல்லாம் சண்டை போட்டார். இப்போது இரண்டு மாதமாக இன்னொருத்தர் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பீஸை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்க்கிற வேலை. வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். கம்பெனியோடு காரும் போய்விட்டதால் சைக்கிள்தான்.

போய்ச் சேருவதற்குள் உடம்பெல்லாம் எரிகிறது என்றார். காலர் அறுக்கிறது, அக்குள் இறுக்குகிறது, முட்டி பிடிக்கிறது. வேலை மேஜைக்கு வந்து அரைமணி நேரம் ஃபேனுக்கடியில் சுற்றிச் சுற்றி வருகிறார். அதற்குள் அவர் மேஜையில் பீஸ் மலையாகக் குவிந்துவிடுகிறது. சூப்பர்வைசர் இரண்டு தடவை சொல்லிவிட்டான். மூன்றாவது தடவை சொல்ல அவனுக்கு இடம் கொடுக்கப் போவதில்லை. சனிக்கிழமைக்குள் உடுப்பு அமையாவிட்டால் தாமே நின்றுவிடுவதாக முடிவு. இந்த வேலையையும் விட்டால் ஊரில் வேறு யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள், அவர் வாய் அப்படி. இதையும் விட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தால் தாராபுரத்தில் மகள் வீட்டுக்கே போய்விடுவேன் என்று சம்சாரம் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

"நாப்பது வருஷமாத் துணியிலயே கெடக்கறவனுங்க நான். கண்ணை மூடிட்டுத் தொட்டா என்ன நூலுன்னு சொல்லுவேன். எனக்கே ஒண்ணு அமைய மாட்டேங்குது."

குரு கேட்டு முடித்தார். பிறகு, குறை இருக்கிற இடத்தில் செக்கிங்கில் ஒட்டுவார்களே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அது கையில் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆறுக்குட்டி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். தாள் முழுக்க நகத்தளவு சிவப்பு அம்புகள்.

"உறுத்துற நிமிஷமே சைக்கிளை நிறுத்துங்க. உறுத்துற இடத்துல ஒண்ணு ஒட்டுங்க. ஒட்டிட்டு ஏறுங்க. கம்பெனியில மாத்துத் துணி போட்டுக்குங்க. ஒட்டினதை அப்படியே சாயங்காலம் இங்க கொண்டாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பத்து நாள்."

"பத்தா? சனிக்கிழமைங்கறேன், பத்துங்கறீங்க. மூணு வச்சுக்குவோம்."

"ஏழு."

"அஞ்சு. அதுக்கு மேல நம்மால ஆகாது."

குரு தலையசைத்தார். குருவிடமே பேரம் படிந்துவிட்ட திருப்தியோடு ஆறுக்குட்டி படியிறங்கினார்.

திங்கட்கிழமை டெரிகாட்டன் பேன்ட், முழுக்கைச் சட்டை. ஒன்பது அம்பு. காலரில் மூன்று, அக்குளில் இரண்டு, மீதி இடுப்பிலும் முட்டியிலும். அவர் எதிர்பார்த்ததுதான். அந்தத் துணிக்குள் காற்று புகாது, வியர்வை வெளியேறாது, அதைப் போட்டுக்கொண்டு மிதிப்பது சாக்குக்குள் புகுந்துகொண்டு மிதிப்பது மாதிரி என்று விளக்கம் சொன்னார். குரு கேட்டுக்கொண்டார். மடித்து பெஞ்சின் மேல் வைக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலரே இல்லாத டி-சர்ட், எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்ட். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, காற்று மாதிரி இருக்கும். பதினோரு அம்பு. பெட்ரோல் பங்க்கைத் தாண்டி நின்று நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒருத்தன் வந்து, விலை போட்டு விக்கவா கொண்டுபோறீங்க என்று கேட்டிருக்கிறான். அவனோடு ஐந்து நிமிஷம் சண்டை. அந்தச் சண்டையை ஆறுக்குட்டி மாடியில் வந்து முழுசாக இன்னொரு தடவை போட்டுக் காட்டினார்.

புதன்கிழமை வேட்டியை மடித்துக் கட்டி, பத்து வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். பத்து அம்பு.

குரு அந்தச் சட்டையை வாங்கி இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல துணி," என்றார்.

ஆறுக்குட்டிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல துணி என்று தமக்குத் தெரியாதா, அதுதானே கேள்வியே என்றார். மூன்று நாள் ரோட்டில் கோமாளி மாதிரி அம்பு ஒட்டிக்கொண்டு நின்றது இதைக் கேட்கத்தானா என்றார். துணியைத் தடவித் தடவிப் பார்ப்பதற்குப் பேசாமல் ஒரு தையல் மெஷினில் போய் உட்கார்ந்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

"பன்னெண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவதாங்கண்ணா," என்றார் குரு.

ஆறுக்குட்டி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

போகும்போது குரு சொல்லி அனுப்பினார்: நாளைக்கு, திங்கட்கிழமை போட்ட அதே டெரிகாட்டன் பேன்ட், அதே முழுக்கைச் சட்டை. ஆனால் பெரிய ரோட்டில் போக வேண்டாம், வாய்க்கால் மேட்டுப் பாதையில் போகட்டும். அது மூன்று கிலோமீட்டர் சுற்று என்றார் ஆறுக்குட்டி. அரைமணி முன்னாலேயே கிளம்புங்கள் என்றார் குரு. இருந்ததிலேயே மோசமான உடுப்பை, இருந்ததிலேயே தூரமான பாதைக்கா என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பழைய அம்புகளைப் பிய்த்து எடுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சட்டையை உதறி விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். ஒரு அம்பு கூட இல்லை.

"கண்டுபிடிச்சாச்சுங்க. டெரிகாட்டன்தான். நான்தான் அன்னைக்குப் புதுத்துணியாப் போட்டுட்டுப் போயிட்டேன், ஒரு தண்ணி பட்டதும் படிஞ்சிருச்சு. இதுலயே இன்னும் அஞ்சு செட் தைக்கச் சொல்லிடறேன்."

பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்தது தெரியவே இல்லை என்றார். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்றார். போன உடனே வேலையைத் தொடங்கிவிட்டதாகவும், சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதாகவும் சொன்னார்.

"நல்லதுங்கண்ணா. துவைச்சுக் காயப் போடுங்க. நாளைக்கும் இதே சட்டை, இதே பேன்ட். பெரிய ரோட்டுல போங்க."

"அதான் முடிஞ்சுதேங்க."

"அஞ்சு நாள்னு நீங்கதான் பேரம் பேசினீங்க."

வெள்ளிக்கிழமை ஆறுக்குட்டி இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தார். மெதுவாகப் படியேறினார். மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சட்டையை குருவுக்கு முன்னால் தரையில் போட்டார். பதினான்கு அம்பு. காலரைச் சுற்றியே ஆறு.

பேன்ட் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். வேலையை விட்டு நிற்கிறேன் என்று எழுதியிருப்பதாகவும், நாளைக்குக் காலையில் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். அஞ்சு நாள் முடிந்தது, உங்கள் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார்.

"உட்காருங்கண்ணா."

உட்கார்ந்தார்.

"ஒரே பீஸு. நேத்து பாஸ், இன்னைக்கு ரிஜெக்ட். உங்க டேபிள்ல அப்படி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பீஸை ஒண்ணும் பண்ண மாட்டோம்." ஆறுக்குட்டி சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு மெல்லச் சொன்னார். "செக்கரை மாத்துவோம்."

குரு சட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

"முதல் அம்பை எங்க ஒட்டினீங்க?"

"காலர்ல."

"சட்டையில கேக்கலைங்கண்ணா. ரோட்டுல."

ஆறுக்குட்டி யோசித்தார். பெட்ரோல் பங்க் தாண்டி, என்றார்.

"ரெண்டாவது?"

"அங்கிருந்து நாலு மிதி."

"கடைசி?"

ஆறுக்குட்டியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அவர் அப்போது போட்டிருந்தது கம்பெனியில் மாற்றிய பனியன், அதற்குக் காலர் கிடையாது.

"பதினாலும் ஒரு பர்லாங்குக்குள்ளதானுங்களா?"

"ஆமாங்க."

"நாலு நாளும்?"

"ஆமா."

"அங்க யாருண்ணா இருக்கறது?"

மயில்சாமி என்றார் ஆறுக்குட்டி. பிறகு நிறுத்தாமல், யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். மயில்சாமி அவருடைய கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். ஒரு பெரிய ஆர்டரில் பனியன் கை ஒரு அங்குலம் குட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது. மொத்தமும் வீண். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெட்டிய துணிக்கட்டைத் தூக்கி அவன் மூஞ்சியில் வீசி, வெளியே போடா என்றார். அவன் கத்தரியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஒரு வாரம் கழித்து, அளவு எழுதிக் கொடுத்த சீட்டைத் தற்செயலாகப் பார்த்தார். குட்டையாகத்தான் எழுதியிருந்தது. எழுதியிருந்தது அவர் கையெழுத்து.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் சொல்லலை. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

இப்போது மயில்சாமிக்கு அந்த ரோட்டில் சொந்தக் கம்பெனி. ஆட்கள் உள்ளே வருகிற நேரம் கேட்டுக்கு முன்னால் நிற்பான். ஆறுக்குட்டி சைக்கிளில் கடக்கிற நேரமும் அதுதான். இரண்டு மாதமாகத் தினமும் ஒரே வார்த்தை: அண்ணா, வாங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்.

"நீங்க?"

"மிதிக்கறேன்."

"குத்தலாக் கூப்பிடறாருங்களா?"

"குத்தலாக் கூப்பிட்டிருந்தா முதல் நாளே எறங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பனே." ஆறுக்குட்டியின் குரல் எங்கோ இறங்கியிருந்தது. "நெசமாலுமே கூப்பிடறானுங்க."

கீழே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

வாய்க்கால் பாதையிலேயே போய்விடட்டுமா என்று ஆறுக்குட்டி கேட்டார். மூன்று கிலோமீட்டர்தானே கூட, அரைமணி முன்னால் எழுந்தால் போயிற்று என்றார். குரு காலரிலிருந்து ஒரு அம்பைப் பிய்த்தார். மழை பெய்தால் மட்டும் அந்தப் பக்கம் சேறு, மற்ற நாளில் தொந்தரவில்லை என்றார். குரு சட்டையிலிருந்து அம்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து, பசையைத் துடைத்து, ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். பதினான்கையும் எடுத்து முடித்துச் சட்டையை மடித்து நீட்டினார்.

ஆறுக்குட்டி வாங்கிக்கொண்டார். நாலாக மடித்த காகிதம் இன்னும் கையில் இருந்தது. அதைச் சட்டைக்கடியில் பிடித்துக்கொண்டு எழுந்தார். படி வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

"நாளைக்கு எதைத்தானுங்க போட்டுட்டுப் போறது?"

"டீ சிந்தினாலும் தெரியாத சட்டையாப் பாத்துப் போட்டுக்குங்கண்ணா," என்றார் குரு.